தெரியாது வேறு, முடியாது வேறு

2024 செப்டம்பர். ஞாயிற்றுக்கிழமை அந்த பேஸ்மென்ட்டில், நம் கிரீன் பே பேக்கர்ஸ் அமெரிக்க ஃபுட்பால் டீமின் பேக்கப் (மாற்று) குவாட்டர்பேக் மாலிக் வில்லிஸ் கடைசி வரைக்கும் பேக்கப்தான் என்று அண்ணன் சொல்லப்போய் நடந்த வாக்குவாதம் இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். குவாட்டர்பேக் என்றால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற ஆள். மீதிப் பேர் மறுநாள் வாட்ஸப் குழுவில் வந்த அந்த நீளமான மெசேஜைப் படித்திருப்பீர்கள். "ஃபுட்பால்ங்கறது கணக்கு தங்கச்சி, உணர்ச்சிவசப்படக் கூடாது" என்று எனக்கு அறிவுரை சொல்லி முடித்திருந்தார் அண்ணன். குழுவில் பதில் போட்டால் சண்டையாகிவிடும் என்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கணக்கு என்றீர்கள். சரி, கணக்கே பேசலாம்.

மாலிக் வில்லிஸ் 2022 டிராஃப்டில் (டீம்கள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களை எடுப்பது) மூன்றாவது ரவுண்டில், 86-ஆவது ஆளாக டென்னசி டைட்டன்ஸ் எடுத்த பையன். முதல் வருடம் மூன்று ஆட்டம் ஸ்டார்ட் செய்தார், அதாவது முதல் ஆளாக இறங்கினார். எறிந்தது மொத்தம் 61 பாஸ். டச்டவுன் (புள்ளி எடுக்கும்) பாஸ் ஒன்றுகூட இல்லை, இன்டர்செப்ஷன் (எதிரணி கைக்குப் போன பாஸ்) மூன்று. அடுத்த வருடமே வில் லெவிஸ் என்கிற இன்னொரு குவாட்டர்பேக்கைக் கொண்டுவந்து இவரை ஓரமாக உட்கார வைத்தார்கள். 2024 ஆகஸ்ட் 26-ஆம் தேதி ஒரு ஏழாவது ரவுண்டு பிக்குக்கு (டிராஃப்டின் கடைசி ரவுண்டில் ஒரு ஆளை எடுக்கும் உரிமைக்கு) கிரீன் பே பக்கம் தள்ளிவிட்டார்கள். அண்ணன் இதை எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஒரு எண்கூடத் தப்பில்லை.

ஆனால் இந்தக் கணக்கிலிருந்து "இவன் பேக்கப், கடைசி வரைக்கும் பேக்கப்" என்கிற விடை எப்படி வந்தது? 61 பாஸ் என்பது ஒரு ஸ்டார்ட்டர் இரண்டே ஆட்டத்தில் போட்டுவிடும் பாஸ். அதை வைத்து நமக்கு அவரைப் பற்றி என்ன தெரியும்? அதிகம் தெரியாது. அவ்வளவுதான் சொல்ல முடியும். தெரியாது வேறு, முடியாது வேறு. அன்றைக்கும் இதைத்தான் சொல்ல வந்தேன், சொல்ல விடவில்லை.

ஒரு குவாட்டர்பேக் புது டீமுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹடிலில், அதாவது டீம் கூடி நிற்கும்போது, அவர் சொல்ல வேண்டிய ஒரு பிளே (அடுத்து ஆடப்போகும் திட்டம்) என்பது ஒரு வார்த்தை இல்லை. யார் எங்கே நிற்பது, யார் நகர்வது, யார் யாரைத் தடுப்பது, ரிசீவர்கள் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாம் சேர்ந்து ஒரு முழு வாக்கியம். டீமுக்கு டீம் அந்த பாஷையே மாறும். வில்லிஸ் வந்து இருபதாவது நாள், நம் லாம்போ மைதானத்தில், கோல்ட்ஸ் டீமுக்கு எதிராக அந்த பாஷையில் பேசி ஆட்டத்தை நடத்தினார். அதற்கு முன்னால் பிரேசிலில் நம் ஸ்டார்ட்டர் ஜோர்டன் லவ் முழங்காலில் அடிபட்டு விழுந்தபோது "சீசன் முடிஞ்சது" என்று குழுவில் அழுகிற ஸ்மைலி போட்டவர்கள் யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கோல்ட்ஸ் ஆட்டத்தில் 14 பாஸ் போட்டு 12 சேர்ந்தது. ஜெயித்தோம், 16-10. உடனே, "கோச் லஃப்ளூர் 53 தடவை ரன் ஆட வெச்சு இவனை மறைச்சுட்டார்" என்றார்கள். உண்மைதான், மறைத்தார். ஜோஷ் ஜேக்கப்ஸ் மட்டும் 32 தடவை பந்தை வாங்கி ஓடினார். வந்து மூன்று வாரம் ஆகாத ஆளிடம் ஒரு நல்ல கோச் வேறு எப்படி நடந்துகொள்வார்? அடுத்த ஞாயிறு நாஷ்வில்லில், தன்னை அனுப்பிவிட்ட அதே டைட்டன்ஸுக்கு எதிராக 202 கெஜம் எறிந்தார், ஒரு டச்டவுன் பாஸ் போட்டார், இன்னொன்றைத் தானே ஓடிப் போய் எடுத்தார். 30-14. அதற்கும் பதில் தயாராக இருந்தது: "டிஃபென்ஸ் லெவிஸை எட்டு தடவை சாக் பண்ணிச்சு (எறியும் முன்னாலேயே மடக்கிச்சு), அதான் ஜெயிச்சோம்." சரி, டிஃபென்ஸும்தான் ஜெயிக்க வைத்தது. ஆனால் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து ஒரு இன்டர்செப்ஷன்கூட இல்லையே, அதை யார் செய்தது?

நான் அவர் பெரிய ஸ்டார்ட்டர் ஆகிவிடுவார் என்று எங்கேயும் சொல்லவில்லை. மறுபடியும் சொல்கிறேன், சொல்லவே இல்லை. உண்மையான பரீட்சை இரண்டாவது ஆட்டத்தில் இல்லை, ஐந்தாவது ஆறாவது ஆட்டத்தில்தான் இருக்கிறது. அதற்குள் எதிரணி கோச்சுகள் அவருடைய வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்த்திருப்பார்கள். எந்தப் பக்கம் ஓடுகிறார், முதல் ரிசீவர் கிடைக்காவிட்டால் அடுத்த ஆளைத் தேடுகிறாரா இல்லை பதறிப்போய் ஓடிவிடுகிறாரா, எல்லாம் பிடித்துவிடுவார்கள். அதற்கு அப்புறமும் நின்றால் அவர் ஸ்டார்ட்டர். அதைப் பார்க்க அந்த ஆறு ஆட்டம் அவருக்குக் கிடைக்க வேண்டும் இல்லையா? லவ் திரும்பி வந்ததும் இவர் மறுபடி ஓரத்துக்குப் போய்விடுவார். போகட்டும், அது நியாயம்தான், லவ்தான் நம் குவாட்டர்பேக். ஆனால் ஓரத்துக்குப் போனவுடனே "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று வராதீர்கள்.

முன்பு இதே கிரீன் பேயில் பேக்கப்பாக இருந்த மாட் ஃப்ளினை உதாரணத்துக்கு இழுத்தீர்கள். 2012 ஜனவரி 1, லயன்ஸுக்கு எதிராக 480 கெஜம், ஆறு டச்டவுன் பாஸ். அந்த ஒரே ஆட்டத்தைப் பார்த்து சியாட்டில் டீம் அவருக்குப் பணத்தைக் கொடுத்து எடுத்தது, ஒன்றும் ஆகவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சியாட்டிலில் அந்த இடத்தை அவரிடமிருந்து வாங்கியது யார்? ரஸ்ஸல் வில்சன். மூன்றாவது ரவுண்டில் வந்தவர், அதற்குமுன் ஒரு என்எஃப்எல் (தொழில்முறை லீக்) ஆட்டம்கூட ஆடாதவர். ஃப்ளினைச் சொல்கிறவர்கள் அடுத்த வாக்கியத்தில் வில்சனையும் சொல்ல வேண்டும். பாதிக் கதையைச் சொல்லிவிட்டு அதைக் கணக்கு என்றால் எப்படி?

அதைவிட, இந்த பேக்கர்ஸ் ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிரெட் ஃபார்வ் 1991-இல் அட்லாண்டாவில் ஒரு முழு வருடத்தில் போட்டது நாலே நாலு பாஸ். ஒன்றுகூடத் தன் ஆளிடம் போய்ச் சேரவில்லை, இரண்டு எதிராளி கையில் விழுந்தது. அந்த ஆளுக்கு கிரீன் பேயின் மேனேஜர் ரான் வுல்ஃப் ஒரு முதல் ரவுண்டு பிக்கைக் கொடுத்தார். 1992 செப்டம்பரில் கிரீன் பேயின் ஸ்டார்ட்டர் மஜ்கவ்ஸ்கிக்குக் காலில் அடிபட்டதால் ஃபார்வ் இறங்கினார். பந்தைக் கைநழுவ விட்டுக்கொண்டே இருந்தார், கூட்டம் கூச்சல் போட்டது. கடைசி 13 விநாடி இருக்கும்போது ஒரு பாஸ், 24-23 என்று ஜெயித்தார்கள். அப்புறம் 2007 சீசன் முடியும்வரை கிரீன் பேயில் வேறு யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை. அவருக்குப் பின்னால் மூன்று வருடம் உட்கார்ந்திருந்து அடுத்த ஸ்டார்ட்டர் ஆனவர் ஆரன் ரோஜர்ஸ். ரோஜர்ஸுக்குப் பின்னால் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவர் லவ். 2023 சீசன் ஆரம்பத்தில் டீம் இரண்டு ஜெயம், ஐந்து தோல்வி என்று கிடந்தபோது லவ்வைப் பற்றி இதே அண்ணன் என்ன சொன்னார் என்பதை நான் சொல்லவில்லை. 2024 ஜூலையில் அதே லவ்வோடு நாலு வருடத்துக்கு 220 மில்லியன் டாலருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"நீ சொல்றது எல்லாம் ஜெயிச்சவங்க கதை, தோத்தவங்க நூறு பேர்" என்று கமெண்ட் வரும். வரட்டும். தோற்றவர்கள் நூறு பேர் என்றால், அந்த நூறு பேரும் ஆடித் தோற்றார்கள். ஆடும் முன்னாலேயே தோற்றவன் என்று பெயர் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனக்கு இந்த பெஞ்ச் என்கிற வார்த்தையே ஆகாது. 2009, சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் எனக்கு ஐந்து மாதம் பெஞ்ச், அதாவது பிராஜெக்ட் எதுவும் இல்லாமல் உட்கார வைத்திருந்தார்கள். காலையில் கார்டைத் தேய்த்து உள்ளே போவேன், கேண்டீனுக்குப் பக்கத்து ஹாலில் முன்பே படித்து முடித்த கோர்ஸை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், சாயங்காலம் கார்டைத் தேய்த்து வெளியே வருவேன். ஒரு நாள் எச்.ஆரில் கூப்பிட்டு, "உங்களை ஏன் எந்த பிராஜெக்ட்லயும் எடுக்கலை?" என்று என்னையே கேட்டார்கள். ஒரு பிராஜெக்ட்டிலும் என்னைக் கூப்பிட்டுக்கூடப் பேசியதில்லை. அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போதும் பதில் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. ஆறாவது மாதம் ஒருத்தர் பிரசவ லீவில் போனதால் அந்த இடத்தில் என்னைப் போட்டார்கள். இரண்டு வருடம் அந்த வேலையை நான்தான் பார்த்தேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இவ்வளவு எழுதுவது வில்லிஸுக்காக மட்டும் இல்லை.

என் பையன் ஒன்பதாம் வகுப்பு டீமில் இரண்டாவது குவாட்டர்பேக். பிராக்டிஸில் அவனுடைய வேலை அடுத்த வாரம் வரப்போகும் எதிரணி குவாட்டர்பேக் மாதிரி ஆடிக் காட்டுவது. கோச் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடிப்பார், அதில் வட்டமும் கோடுமாக எதிரணியின் பிளே வரைந்திருக்கும். இவன் அதைப் பார்த்து ஆட வேண்டும், நம் டிஃபென்ஸ் பழகுவதற்காக. தன் டீமின் பிளேயை அவன் ஆடிப் பழகுவது வாரத்துக்குப் பத்துத் தடவை இருந்தால் அதிகம். ஆட்டம் முடிந்து வரும்போது மற்றப் பிள்ளைகள் ஜெர்சியில் முழங்கை வரைக்கும் புல்லும் சேறும் இருக்கும். இவனுடையது மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல் வரும். "துவைக்க வேண்டாம்மா" என்பான். நான் துவைத்துத்தான் காயப் போடுகிறேன், மற்ற ஜெர்சி மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன், "பெஞ்சுல உக்கார வெச்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல" என்றபோது அவன் கீழே கார்ப்பெட்டில் தட்டோடு உட்கார்ந்திருந்தான். யாரும் கவனிக்கவில்லை. பாதிப் பிரியாணியை அப்படியே வைத்துவிட்டு மேலே போனான். நான் போய்ப் பார்த்தபோது காரில், முன் சீட்டில், போனைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். வீட்டுக்கு வருகிற வழியில் ஒன்றே ஒன்று கேட்டான். "கோச்சும் அப்படித்தான் நினைப்பாராம்மா?"

இதற்கு மேல் எனக்குக் கணக்கு வரவில்லை அண்ணா.

நீங்கள் கெட்டவர் இல்லை. முதல் பனிக்காலத்தில் எங்கள் கார் நின்றுபோனபோது ராத்திரி பதினோரு மணிக்கு வந்து நின்றவர் நீங்கள்தான், அதை மறக்கவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை, அதுவும் உண்மை. அக்கா கொடுத்தனுப்பிய டப்பாவைக் கழுவி வைத்திருக்கிறேன்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு ஆட்டம், பள்ளி மைதானத்திலேயே. நானும் அவன் அப்பாவும் இருப்போம். முடிந்தால் வாருங்கள். அவன் இறங்குவானா என்று தெரியாது.