அந்தச் சேவலை மூன்றாம் நாளே ஏன் அறுத்தேன்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொல்லையில் நொண்டிச் சேவல் ஒன்றை அறுத்ததைப் பற்றி யார் யாரோ எழுதிவிட்டார்கள். குடும்பக் குழுவில் ஆரம்பித்து ஊர்க் குழுவரை போய்விட்டது. அறுத்தவள் நான். என்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கறிக்காக வளர்க்கும் கோழி நொண்டினால் எப்போது அறுப்பது? எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். தானாக எழுந்து தண்ணீர்ச் சட்டிக்குப் போகிறதா? போனால் பொறுப்பேன். போகாவிட்டால் அன்றைக்கே அறுத்துவிடுவேன்.

"நொண்டியதும் கத்தியைத் தூக்கிவிட்டாள்" என்று அண்ணி எழுதியிருக்கிறார். இல்லை அண்ணி. நம் பெரியபட்டினம் பக்கம் கோழி நொண்டினால் முதலில் காலைத் தூக்கிப் பார்ப்போம். கடற்கரையிலிருந்து வருகிற வலைத்துண்டு கொல்லையெங்கும் கிடக்கும். போன வருடம் ஒரு பெட்டைக்குத் தங்கூசி நரம்பு, அதாவது மீன்வலை நைலான் இழை, விரலடியில் சுற்றி, இறுகி, தோலுக்குள் புதைந்து, வெளியே ஒரு கருப்புக் கோடாகத்தான் தெரிந்தது. மடியில் கிடத்தி, உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, ஊசிமுனையால் நெம்பி எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. ஐந்தாம் நாள் அது வேலி தாண்டி ஓடியது. அதை ஏன் யாரும் எழுதவில்லை?

இந்தச் சேவலையும் அப்படித்தான் பார்த்தேன். பாதத்தில் கட்டி இல்லை. விரல்கள் உள்ளே மடங்கவில்லை. மடங்கியிருந்தால் வைட்டமின் பி2 குறைவாக இருக்கலாம், ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் தேறிவிடும். இதற்குக் கணுக்கால் மூட்டு வீங்கி, பின்பக்கத் தசைநாண் இடம் விலகி, கால் வெளிப்பக்கம் திரும்பிவிட்டது. இது பிராய்லர், ஆறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு வந்துவிடும். சதை ஏறுகிற வேகத்துக்குக் கால் ஈடுகொடுப்பதில்லை. பஞ்சாரத்துக்குள் தனியே விட்டு, தீவனமும் தண்ணீரும் அலகுக்கு எட்டும்படி வைத்து இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை பஞ்சாரத்தை எடுத்துவிட்டுச் சட்டியை நான்கடி தள்ளி வைத்தேன். இறக்கையைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டது.

"கையில் கொடுத்தால் தின்றதே!" என்கிறீர்கள். தின்றது. பசி இருந்தால் தின்னும். நாள் முழுக்க எச்சத்தின் மேல் கிடந்து நெஞ்சுத் தோல் வெந்து சிவந்திருந்ததை, ஊட்டிவிட்டுப் படம் எடுத்த யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. மருத்துவரிடம் காட்டியிருக்கலாம் என்கிறீர்கள். படம் அனுப்பிக் கேட்டேன், அவரும் அறுத்துவிடத்தான் சொன்னார்.

நோய்க்கோழியைக் குழம்பு வைத்தாள் என்பது பச்சைப் பொய். அதற்குக் காலில்தான் கோளாறு, மருந்தும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால், அந்த மருந்துக்குச் சொல்லியிருக்கும் நாள் கழியும்வரை அறுத்துத் தின்னக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கழுத்துத் திருகி, பச்சையாகக் கழிந்து, சோர்ந்து கிடக்கும் கோழி வேறு. அதை நான் சமைக்க மாட்டேன், குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அம்மா ஒரு நொண்டிப் பெட்டையைப் பாவம் பார்த்து விட்டுவைத்தார். எட்டு நாள். மற்றக் கோழிகள் அதன் வாலடியைக் கொத்திப் புண்ணாக்கியிருந்தன. ஒன்பதாம் நாள் விடியற்காலையில் கூட்டைத் திறந்தவள் நான். புண் முழுக்கச் செவ்வெறும்பு. கோழிக்கு உயிர் இருந்தது, கண்ணைத் திறந்து திறந்து மூடியது. அம்மா அழுதுகொண்டே அறுத்தார். அப்போதே முடிவு செய்தேன், என் கையில் வளரும் ஒன்றை எறும்புக்கு விடமாட்டேன் என்று.

கல்நெஞ்சக்காரி என்று எழுதியவர்களே, ஞாயிறுதோறும் கடையில் ஒன்றரைக் கிலோ வாங்குகிறீர்களே, அந்தக் கோழி நடந்ததா என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? அண்ணி, நீங்கள் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது நாற்பது நாள் என் கொல்லைக் கோழியைத்தான் சூப்பு வைத்துக் கொடுத்தேன். அப்போது இந்தக் கை நல்ல கையாக இருந்ததே.

இன்று காலையிலிருந்து இன்னொன்று இடது காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பாதத்தைப் பார்த்துவிட்டேன், வலை நரம்பு ஏதும் சுற்றவில்லை. பஞ்சாரத்தில் விட்டிருக்கிறேன். வியாழக்கிழமை காலை சட்டியைத் தள்ளி வைப்பேன். வருகிறவர்கள் ஆறு மணிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.