தாவுல் தேவாலயத்தில் மறுபடியும் நகல் வரைய வேண்டாம்

ஸ்பெயினின் வடக்கு எல்லையில், பிரெனீஸ் மலையில், சுமார் 1500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்குள்ள சான் கிளிமெந்த் தேவாலயத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கோரிக்கையும் கூடவே வரும். பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கும் அதன் சுவரோவியங்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும், முடியாவிட்டால் அச்சு அசலாக ஒரு நகலையாவது அதே சுவரில் வரைய வேண்டும் என்பார்கள். எனக்கு இரண்டிலுமே உடன்பாடில்லை.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே ஒரு தூணில் வண்ணத்தில் எழுதிய லத்தீன் வாசகம் உண்டு. 1123 டிசம்பர் 10 அன்று பர்பாஸ்ட்ரோ ஆயர் ராமோன் வந்து இந்தத் தேவாலயத்தை அர்ச்சித்தார், அதாவது வழிபாட்டுக்குப் புனிதமாக்கினார் என்கிறது அது. மறுநாளே அதே ஊரில் சாந்தா மரியா தேவாலயத்தையும் அர்ச்சித்திருக்கிறார். ஒரு மலைக் கிராமத்தில் அடுத்தடுத்த நாளில் இரண்டு தேவாலயங்கள்! பணம் எங்கிருந்து வந்தது? தாவுல் இருக்கும் பள்ளத்தாக்கை ஆண்ட எரில் குடும்பத்தார் பக்கத்து கிறிஸ்தவ அரசான அரகோனின் அரசனோடு சேர்ந்து தெற்கே இஸ்லாமிய ஆட்சிப் பகுதிகள்மீது படையெடுத்தவர்கள். 1118-இல் அங்கிருந்த பெரிய நகரமான சரகோசா அவர்கள் கைக்கு வந்தது. அந்தப் போர்களில் கிடைத்த செல்வம்தான் இங்கே கல்லாகவும் வண்ணமாகவும் மாறியது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ரோமனெஸ்க் என்ற இடைக்கால ஐரோப்பியக் கட்டடக் கலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த எளிமைதான். பருத்த உருளைத் தூண்கள், மரக் கூரை, கிழக்கே மூன்று அரைவட்டச் சுவர்கள், பக்கத்தில் ஆறு அடுக்கு மணிக்கூண்டு. அவ்வளவுதான். நடு அரைவட்டத்தில் பெயர் தெரியாத ஓர் ஓவியர் கிறிஸ்துவை வரைந்தார். 'நானே உலகின் ஒளி' என்று லத்தீனில் எழுதிய புத்தகம் ஒரு கையில், ஆசி தரும் மறு கை, ஊடுருவும் கண்கள். பின்னணி நீலம் பிரெனீஸ் மலையிலேயே கிடைக்கும் ஏரினைட் என்ற கனிமத்திலிருந்து வந்தது. வளைவில், பைபிள் கதையில் வரும் ஏழை லாசரின் புண்களை நக்கும் ஒரு நாயும் உண்டு. அந்த நாயை மட்டுமே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

1907-இல் கட்டடக் கலைஞர் ஜோசப் புச் இ கதஃபால்க் தலைமையில் ஒரு குழு இந்த மலைகளுக்கு வந்து தேவாலயங்களைப் படமெடுத்து ஆவணமாக்கியது. அது நல்ல காரியம். ஆனால் அதனால் பழம்பொருள் வியாபாரிகளுக்கும் வழி தெரிந்துவிட்டது. 1919-இல் மூர் என்ற வேறோர் ஊரின் சாந்தா மரியா தேவாலயத்தின் ஓவியம் விலை பேசப்பட்டு, சுவரிலிருந்து பெயர்க்கப்பட்டு, 1921-இல் அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பதறிப்போன பார்சிலோனா அருங்காட்சியக வாரியம் மீதமிருந்தவற்றைத் தானே வாங்கி, 1919 முதல் 1923 வரை ஃபிராங்கோ ஸ்டெஃபனோனி என்ற இத்தாலியரின் குழுவை வைத்துப் பெயர்த்தது.

பெயர்க்கும் முறை இதுதான். ஓவியத்தின் மேல் விலங்குப் பசை தடவித் துணி ஒட்டுவார்கள். பசை காய்ந்து இறுகும்போது வண்ண அடுக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு துணியை உரித்து, சுருட்டி, கோவேறு கழுதைமேல் ஏற்றி மலையிறக்க வேண்டியதுதான். பார்சிலோனாவில் பின்புறத்தை வேறு துணியில் ஒட்டி, முன்புறப் பசையை வெந்நீரால் கரைத்தார்கள். நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஆனாலும் அன்றைக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. எடுக்காமல் விட்டிருந்தால் மூரின் கதிதான் தாவுலுக்கும் நேர்ந்திருக்கும்.

சரி, ஆபத்து நீங்கிவிட்டதே, இப்போது திருப்பித் தரலாமே? இதே பார்சிலோனா அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த சிகேனா மடாலயத்தின் ஓவியங்களை அது இருக்கும் அரகோன் பகுதிக்குத் திருப்பித் தரவேண்டும் என்று 2025-இல் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் சொன்னபின் இந்தக் கேள்வி சூடாகியிருக்கிறது. சிகேனா வேறு கதை. அங்கே 1936-இல் உள்நாட்டுப் போரில் மடாலயம் எரிந்த பிறகு, தப்பியதை எடுத்துவந்தார்கள். தாவுல் ஓவியங்கள் விலைக்கு வாங்கியவை. உரிமை யாருக்கு என்பதைவிட எனக்குப் பெரிதாகப்படுவது ஓவியத்தின் உடல்நிலை. ஒருமுறை உரிக்கப்பட்ட மெல்லிய வண்ணத் தோலை இன்னொரு பயணத்துக்கு உட்படுத்தினால் எது மிஞ்சும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஊர்க்காரர்களின் ஆதங்கம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. அவர்கள் முன்னோர் மண்டியிட்ட ஓவியத்தைப் பார்க்க இன்று அவர்களே நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

நகல் விஷயத்தில் என் கருத்து இன்னும் கறார். 1960-ஐ ஒட்டி அரைவட்டச் சுவரில் ஒரு நகல் வரைந்தார்கள். அரை நூற்றாண்டு அதைத்தான் மக்கள் பார்த்தார்கள். 2013-இல் அதை அகற்றி, அடியில் எஞ்சியிருந்த அசல் வண்ணத் தடயங்களைச் சீர்செய்தார்கள். பெயர்த்தபோது எல்லாம் போய்விடவில்லை, காரையில் ஊறியது அங்கேயே நின்றுவிட்டது. பைபிளில் காயின் தன் தம்பி ஆபேலைக் கொல்லும் காட்சியின் துண்டும் சுவரில் தெரிகிறது. தத்ரூபமான நகல் இருந்த காலத்தில் அதன் அடியில் இருந்த தடயங்கள் மறைந்தே கிடந்தன. இப்போது சில நிமிடங்கள் புரொஜெக்டர் ஒளியால் முழு ஓவியத்தையும் சுவரில் காட்டுகிறார்கள். விளக்கை நிறுத்தினால் உண்மைச் சுவர் திரும்ப வந்துவிடுகிறது. என்ன இருந்தது, என்ன போனது, இரண்டும் பார்ப்பவருக்குத் தெரிகிறது. சுவரும் தொடப்படவில்லை.

2000-இல் இந்தப் பள்ளத்தாக்கின் ஒன்பது தேவாலயங்களையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கூட்டமெல்லாம் சான் கிளிமெந்துக்கே போகிறது. பனி பெய்யும் மலையில் கூரையும் நீர் வடிகாலும் கெட்டால் ஓவியம், நகல், ஒளிக்காட்சி எதுவும் நிற்காது. செலவழிக்கப் பணம் இருந்தால் மற்ற எட்டின் கூரைகளுக்கு முதலில் போகட்டும். அப்புறம், பக்கத்து ஊரான போயியின் சான் ஜோவான் தேவாலயத்தில் இன்னும் நகல் ஓவியங்கள்தான் இருக்கின்றன. அவற்றை உடனே அழிக்கச் சொல்லவில்லை. அடியில் அசல் ஏதாவது நிற்கிறதா என்று தாவுலில் பார்த்ததுபோல அங்கேயும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.