காந்தத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்

பழைய சாமான்களில் தங்கத்தைக் கண்டறிவது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, மஞ்சள் உலோகம் காந்தத்தில் ஒட்டாவிட்டால் தங்கமாக இருக்கலாம் என்கிறது. பித்தளையும் செம்பும்கூடத்தான் ஒட்டாது! மாறாக, பழைய கணினிப் பலகைகளில் உள்ள தங்க முலாம் பூசிய ஊசிகளில் சில காந்தத்தில் ஒட்டும். முலாமுக்கு அடியில் நிக்கலோ இரும்புக் கலவையோ இருப்பதுதான் காரணம். அவற்றைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள்.

காயலான் கடையில் வாங்கிய மூட்டையில் எனக்கு ஒரு கனத்த வளையம் கிடைத்தது. தராசில் 51 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் 45. வித்தியாசம் 6, அதாவது வளையத்தின் கன அளவு 6 கன செ.மீ. 51-ஐ 6-ஆல் வகுத்தால் 8.5, அதாவது பித்தளையின் அடர்த்தி. சுத்தத் தங்கம் என்றால் 19.3 வந்திருக்க வேண்டும். ஆனாலும் ஆசை விடுமா? அரத்தால் ஓரத்தில் ஆழமாக ராவி, ஒரு துளி நைட்ரிக் அமிலம் விட்டேன். பச்சையாக நுரைத்துப் பொங்கியது; தங்கம் இல்லை, பித்தளைதான். ராவாமல் மேற்பரப்பில் விட்டால் நல்ல முலாம் ஏமாற்றிவிடும். உரைகல்லில் லேசாக உரசினாலும் அதே கதைதான்.

அமிலத்திலிருந்து கிளம்பும் பழுப்புப் புகை நுரையீரலுக்கு ஆகாது. நான் மொட்டை மாடியில், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்றுதான் செய்தேன். தயவுசெய்து யாரும் சமையலறையில் முயல வேண்டாம்.