காது வெட்டிய பூனைகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனவர்களுக்கு

நடந்தது எல்லோருக்கும் தெரியும்: நம் பகுதித் தெருப்பூனைகள் நான்கைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் எங்கோ விட்டுவிட்டீர்கள். "தொல்லை விட்டது" என்று நம் பகுதிக் குழுவில் கைகூப்பியவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

தொல்லை விடவில்லை. நீங்கள் பிடித்துப்போன நான்கில் மூன்றுக்கு இடது காது நுனி நேராக வெட்டியிருந்தது. அது சண்டையில் வந்த காயம் இல்லை. கருத்தடை முடிந்ததற்கான அடையாளம். மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர் சுமார் 1 செ.மீ. வெட்டிவிடுவார், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. இனி குட்டியே போடாத பூனைகளைத்தான் நீங்கள் அப்புறப்படுத்தியிருக்கிறீர்கள். தீனியும் ஒதுங்க இடமும் அங்கேயே இருக்கின்றன. காலி இடத்துக்குக் கருத்தடை ஆகாத புதுப் பூனைகள் வரும். பெட்டை 4 மாதத்திலேயே சினைப்படலாம், 9 வாரத்தில் குட்டி போடும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினைப்படும். ராத்திரிக் கத்தல், சண்டை, மூத்திர நாற்றம் எல்லாம் பெரும்பாலும் கருத்தடை ஆகாத கடுவன்களால் வருவது. அதைத்தான் வரவழைத்திருக்கிறீர்கள்.

ஒரு பூனையைப் பிடித்துக் கருத்தடை செய்வது எவ்வளவு வேலை தெரியுமா? முந்தைய நாளே தீனியை நிறுத்த வேண்டும், பசித்தால்தான் கூண்டுக்குள் வரும். கம்பி காலில் பட்டால் பின்வாங்கிவிடும், அதனால் அடியில் செய்தித்தாள் விரிக்க வேண்டும். மீனை, மிதித்தால் கதவு விழும் மிதிபலகைக்கு அப்பால் கடைசி மூலையில் வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் கதவு விழாமலே தின்றுவிட்டுப் போய்விடும், மறுமுறை ஏமாறாது. கதவு விழுந்ததும் கூண்டு முழுக்கத் துணி போர்த்த வேண்டும், இல்லையென்றால் கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். அறுவைக்குப் பிறகு கடுவனுக்கு ஒரு நாள், பெட்டைக்கு இரண்டு மூன்று நாள் காவல். மயக்கம் தெளியும்வரை வாயில் எதுவும் வைக்கக் கூடாது. அதே மயக்கத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாகிவிடும். இந்தப் பூனைகளுக்குத் தீனி வைத்து இத்தனையும் செய்த பெண்களைத்தான் வேலையற்றவர்கள் என்கிறீர்கள்.

"அவ்வளவு அக்கறை இருந்தால் உன் வீட்டில் வைத்துக்கொள்." பிறந்த முதல் இரண்டு மாதங்களில் மனிதக் கை படாத பூனையை அறைக்குள் அடைப்பது பெரும்பாலும் அதற்குத் தண்டனைதான். "பறவைகளைக் கொல்கிறதே." கொல்கிறது, மறுக்கவில்லை. அதனால்தான் எண்ணிக்கை குறைய வேண்டும் என்கிறோம். "தீனி போடுவதால்தான் பெருகுகிறது." கருத்தடை இல்லாமல் தீனி மட்டும் போட்டால் பெருகும், சரி. இங்கே இரண்டும் நடந்தது. குறித்த நேரத்தில் வைத்து, அரை மணியில் மிச்சத்தை எடுத்து, இடத்தையும் துடைத்தார்கள். ஒருவராவது பார்த்தீர்களா? பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டேதான் சாக்கையும் பிடித்தீர்கள்.

நான்காவது பூனை பால் கொடுத்துக்கொண்டிருந்தது. கண் திறக்காத குட்டிகள் இப்போது ஒருவர் வீட்டு அட்டைப்பெட்டியில். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூனைக்குட்டிக்கான பால்மாவு, மாட்டுப்பால் கூடாது, வயிற்றைக் கெடுத்துவிடும். முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும், குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரம் போகும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது.

கோபமாகவே இருங்கள், பரவாயில்லை. எங்கே விட்டீர்கள் என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள். பெயர் வேண்டாம், இடம் போதும். புது இடத்தில் விடப்பட்ட பூனை முதல் சில நாட்கள் பயந்து பக்கத்திலேயே பதுங்கியிருக்கும், பிறகு பழைய இடம் தேடிச் சாலையில் இறங்கிவிடும். இன்றிரவே கூண்டு வைத்தால் அந்தத் தாயையாவது பிடித்துவிடலாம்.