ஐந்தாம் மாடி அங்கிளும் அன்ரியும்

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஃபிளட்டின் ஐந்தாம் மாடியில் 18 மாதம் குடியிருந்த அமெரிக்கத் தம்பதி போன கிழமை ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அங்கிளுக்கு 71 வயது, அன்ரிக்கு 69. மோர்மன் என்று பொதுவாகச் சொல்லப்படும் சபையின் மிஷனரிகள். அவர்கள் புறப்பட்ட அன்றே லிஃப்டில் ஒருவர் கேட்டார்: "எத்தினை பேரை மாத்திப்போட்டுப் போகினமாம்?" நான் வாயைத் திறப்பதற்குள் மூன்றாம் மாடி வந்து அவர் இறங்கிவிட்டார். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

மதமாற்றம் பற்றி எனக்கும் கோபம் உண்டு. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டுப்பிரசுரத்தோடு வந்து நின்றவர்களை நானே வெளியே அனுப்பியிருக்கிறேன், இனியும் அனுப்புவேன். அன்ரி ஒரேயொரு முறை அம்மாவிடம் ஒரு புத்தகம் கொடுத்தார். கடவுள் புத்தகத்தைக் கண்ட இடத்தில் வைக்கக்கூடாது என்று அம்மா அதைச் சாமியறையில் முருகன் படத்துக்குக் கீழே வைத்து, வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினார். அந்த விஷயம் அத்தோடு சரி.

பிரச்சினை வந்தது தேத்தண்ணியில்தான். முதல்முறை வீட்டுக்கு வந்தபோது அம்மா நல்ல கோப்பையில் பால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். இரண்டு பேரும் கும்பிட்டு மறுத்துவிட்டார்கள். அவர்கள் சபையில் தேயிலையும் கோப்பியும் விலக்கு என்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "தேயிலை நாட்டுக்கு வந்து தேத்தண்ணி குடியாதாம்" என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் மல்லித்தண்ணி காய்ச்சிக்கொண்டு தானே மேலே ஏறிப் போனார். அதைக் குடிக்கலாமாம். பிறகு, மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, மிச்சமான சாப்பாட்டுக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் அம்மாவின் கணக்கில் அன்ரி நேரே மேலே போய்விட்டார். "விரதம் பிடிக்கிற பொம்பிளை" என்றார்.

அங்கிள் சேட் பையில் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார், தமிழ்ச் சொற்கள் எழுத. சாப்பாட்டு மேசையில் அதைப் பார்த்து "போதும்" என்பார். அம்மா இன்னொரு கரண்டி சோறு போடுவார். யாழ்ப்பாணத்தார் "காணும்" என்று சொல்வார்கள் என்று அப்பா திருத்திக் கொடுத்தார். "காணும்" என்றார். அதற்கும் சோறு விழுந்தது. கடைசியில் சோற்றுக் கோப்பைக்கு மேலே கையை விரித்து மூடினால்தான் அம்மாவுக்குத் தமிழ் விளங்கும் என்று கண்டுபிடித்தார்.

சபை இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதில்லை. இப்படி வரும் வயதான தம்பதிகள் தங்கள் சொந்தச் செலவில்தான் வருகிறார்கள். சட்டையில் கறுப்புப் பெயர்ப்பட்டி, அதில் இவருக்கு எல்டர், அதாவது மூப்பர், அவருக்கு சிஸ்டர். பத்தொன்பது வயதுப் பொடியனுக்கும் எல்டர் என்றுதான் பட்டி குத்துகிறார்கள் என்பது அப்பாவுக்குக் கடைசி வரை சிரிப்பு.

அப்பா வட்டுக்கோட்டைக்காரர், யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்கா என்றதும் அவருக்கு அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்த 1816தான் ஞாபகம் வரும். "உங்கட ஆக்கள்தானே எங்களுக்கு இங்கிலிசு படிப்பிச்சது" என்று தொடங்கி, 1823இன் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இன் உடுவில் பெண்கள் பாடசாலை, மானிப்பாயில் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்த டொக்டர் கிறீன் என்று ஒரு மணித்தியாலம் போனார். அங்கிள் சிரித்துக்கொண்டு, அது வேறு சபை, 1816இல் எங்கள் சபையே பிறக்கவில்லை என்றார். ஆனாலும் அடுத்த மாதமே ரயில் ஏறி யாழ்ப்பாணம் போய்வந்தார்கள். உடுவில் பாடசாலையைத் தொடங்கிய ஹரியட் வின்ஸ்லோ 1833இல் இங்கேயே இறந்துபோனவர், ஊர் திரும்பவே இல்லை. அன்ரி அதை மட்டும் இரண்டு மூன்று தரம் அம்மாவிடம் சொன்னார். அந்தக் காலத்து மிஷனரிகள் பிள்ளைகளைப் பெற்று, சிலரைப் புதைத்து, இங்கேயே கிழடானவர்கள். இவர்கள் கிழடான பிறகு வந்தவர்கள். தலைக்கு இரண்டு சூட்கேஸ், திரும்பிப் போகும் மாதமும் முன்கூட்டியே தெரியும்.

எனக்கு அவர்களிடம் பிடித்தது அவர்களுடைய திங்கட்கிழமைகள்தான். அன்று அவர்களுக்கு ஓய்வு. காலையில் உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுவிட்டு இரண்டு பேரும் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு நாள் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, இன்னொரு நாள் புறக்கோட்டை, பிறகு வுல்வெண்டல் தேவாலயம். ஓட்டோவில் ஏமாந்தார்கள், மழையில் நனைந்தார்கள், ஒருமுறை பஸ் மாறி ஏறி மொறட்டுவை வரை போய்விட்டு அதையும் ஒரு பயணமாகக் கொண்டாடினார்கள். காலிமுகத்திடலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது தெரியுமா என்று அங்கிள் கேட்டார். நாற்பது வருசம் கொழும்பில் இருக்கிற அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதையைப் பற்றிய கல்வெட்டு அது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக அந்த நடைபாதையைப் பேணும்படி பின்னால் வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொண்டு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாங்கள் அந்த இடத்தில் நின்று இறால் வடை தின்றிருக்கிறோம், அவ்வளவுதான்.

என்னுடைய மனக்குறையும் இதில்தான். அப்பாவும் அம்மாவும் கலியாணம் செய்து 44 வருசம். இரண்டு பேரும் சேர்ந்து வெளியே போன இடங்களை எண்ணிப் பார்த்தேன்: கலியாண வீடு, செத்த வீடு, கோயில், பிறகு கனடா விசாவுக்குக் கைரேகை கொடுக்கப் போனது. அண்ணா வீட்டில் ஆறு மாதம் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கிவிட்டு, பனியை ஜன்னலால் பார்த்துவிட்டு வந்தார்கள். இந்த ஃபிளட்டில் பாதி வீடுகள் இப்படித்தான். வாட்ஸ்அப் அழைப்பு வரும் நேரத்துக்குத் தலை சீவிக்கொண்டு காத்திருக்கும் வயதானவர்கள். அமெரிக்கத் தம்பதிக்கும் பதினொரு பேரப்பிள்ளைகள். அவர்களை விட்டுவிட்டு வந்தது சரியோ பிழையோ, அதை நான் தீர்க்கத் தேவையில்லை. அம்மாவுக்கு அது பிழைதான். "பெத்ததுகளின்ர பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்று நேரிலேயே கேட்டார். பெற்றவர்கள் பார்ப்பார்கள் என்றார் அன்ரி.

அவர்களிடம் டொலரில் பென்சன் இருக்கிறது, அவர்களுக்கென்ன என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மைதான், அந்தக் கடவுச்சீட்டும் இந்தக் கடவுச்சீட்டும் ஒன்றில்லை. ஆனால் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைக்கு ரயிலில் போக டொலர் வேண்டாம், காலிமுகத்திடலில் நடக்கக் காசே வேண்டாம். எங்கள் ஆட்களைக் கட்டிப்போட்டிருப்பது "ஆராவது கண்டால் என்ன நினைப்பினம்" என்பதுதான். எழுபது வயதில் மனிசியோடு கடற்கரையில் நிற்பதைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் ஐந்து மணிபோல அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்து, "இஞ்சரும், கடற்கரைப் பக்கம் ஒருக்கால் போட்டு வருவமே?" என்றார்.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன், ஆரும் செத்துப்போச்சினமோ?" என்றார்.

பிறகு சேலை மாற்றிக்கொண்டு போனார். நான் பல்கனியில் நின்று பார்த்தேன். அப்பா முன்னால், அம்மா வழக்கம்போலப் பத்தடி பின்னால். மரைன் டிரைவ் கடக்கிற இடத்தில் மட்டும் அப்பா நின்றார்.