கழுதையைக் கழுவாதீர்கள்

காலையில் எழுந்ததும் குடும்பக் குழுவில் ஆம்பூர் அத்தையின் செய்தி. மேலே ஒரு குத்துவிளக்குப் படம், அதற்குக் கீழே பச்சை எழுத்தில் இரண்டு பக்கம். 'நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல! பழமொழிகளின் உண்மைப் பொருள்!'

'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது தவறாம். 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்பதுதான் சரியாம். கழு என்பது ஒரு வகைக் கோரைப்புல். அதைப் பாயாகத் தைத்துப் படுத்தால் கற்பூர வாசனை வருமாம். நாம்தான் நடுவில் புகுந்து அதைக் கழுதையாக்கிவிட்டோமாம்.

கீழே வரிசையாகக் கும்பிடுகள். மைத்துனன் 'தமிழன்டா' என்று போட்டிருந்தான். அவன் பெங்களூர் வைட்ஃபீல்டில் வேலைக்குப் போகிறவன், பாயில் படுத்துப் பத்து வருஷமாவது ஆகியிருக்கும்.

நான் பல் கூடத் தேய்க்கவில்லை. ஆனாலும் பொறுக்க முடியவில்லை. குழுவில் சுருக்கமாக ஒரு பதில் போட்டேன். சொல்ல வந்ததை முழுசாக இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே அத்தை இல்லை.

இந்த மாதிரிச் செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்றால் குழம்பு இல்லையாம். சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையில், அதாவது கருப்பையில், குழந்தை வருமாம். 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' இல்லை, ஆயிரம் வேரைக் கண்டவனாம். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பதில் வரும் அடி ஆண்டவனின் திருவடியாம். 'அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாளாம்' என்பதில் அரசன் அரசமரமாம். 'நாயைக் கண்டால் கல்லைக் காணோம்' என்பது கல்லில் செதுக்கிய நாயைப் பற்றிய தத்துவமாம்.

கவனித்தீர்களா? எல்லாம் கோயில், விரதம், மூலிகை, சிற்பம். அடிதடி போய்விட்டது, கொலை போய்விட்டது, கழுதையும் போய்விட்டது. பழமொழியைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, வெள்ளை வேட்டி கட்டி உட்காரவைத்தாயிற்று. இனி அதனிடம் ஆசீர்வாதம் மட்டும்தான் வாங்கலாம்.

பெங்களூரில் வாழ்வதில் ஒரு வசதி உண்டு. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறந்தாலே நம் பொய் உடைந்துவிடும்.

நாங்கள் இருப்பது அல்சூரில். கீழ்த்தளத்தில் மண்டியா பக்கத்திலிருந்து வந்த ஒரு கன்னட அஜ்ஜி, அதாவது பாட்டி. அவர் கையால் உருட்டிய ராகி முத்தெ என்ற களி உருண்டையையும் சொப்பு சாறு என்ற கீரைக் குழம்பையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பேரன் போன மாதம் ஒரு நாள் பீட்சா வரவழைத்தான். அஜ்ஜி எங்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "கத்தெகேனு கொத்து கஸ்தூரி பரிமள?" கழுதைக்கு என்ன தெரியும் கஸ்தூரி வாசனை?

கற்பூரம் கஸ்தூரி ஆகியிருக்கிறது. கழுதை அப்படியே நிற்கிறது, ஆனால் அதன் பெயர் கத்தெ. கத்தெயை எப்படிப் பிரித்துத் தைப்பீர்கள்? தெலுங்குக்காரரைக் கேளுங்கள், அங்கேயும் அதே பிராணிதான், 'காடித'. அதற்குத் தெரியாதது சந்தன வாசனை. இந்திக்காரர் கழுதையை விட்டுவிட்டுக் குரங்கைப் பிடித்துக்கொண்டார்: குரங்குக்கு என்ன தெரியும் இஞ்சியின் ருசி. பிராணி மாறுகிறது, பண்டம் மாறுகிறது. நல்லதைத் தந்தால் மதிக்கத் தெரியாத ஒருத்தன் எல்லா வீட்டிலும் இருக்கிறான், அவன் மட்டும் மாறுவதில்லை. அவனைத் திட்டத்தான் அந்த வாக்கியமே பிறந்தது. பாய் பின்னுவதற்காக இல்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதைக் கன்னடத்தில் 'நெல டொங்கு' என்பார்கள், தரை கோணல். இந்தியில் முற்றம் கோணல். தெலுங்கில் பழி மத்தளத்தின் மேல் விழுகிறது, மத்தளம் ஓட்டையாம். பெங்களூரில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. வேலையை முடிக்காதவன் 'சில்க் போர்டில் டிராஃபிக் சார்' என்பான்.

சரி, நியாயமாகவும் பேசிவிடுகிறேன். 'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதில் குதிரை இல்லை, குதிர், அதாவது ஆற்று நடுவே உள்ள மணல் திட்டு என்கிறார்கள். இதில் நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆற்றில் இறங்கும் ஆளுக்கு அந்த எச்சரிக்கை பொருந்துகிறது. சொற்கள் தேய்வதும் மாறுவதும் உண்மைதான். பழமொழி நானூறு என்று ஒரு பழைய நூல், முன்றுறை அரையனார் பாடியது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழமொழி உண்டு. 'நுணலும் தன் வாயால் கெடும்' என்பது அதில் ஒன்று. நுணல் என்றால் தவளை. இன்றைக்கு நுணல் என்றால் யாருக்கும் தெரியாது, அதனால் தவளை என்கிறோம். ஆனால் அத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தவளை மணலுக்குள் சும்மா கிடக்காமல் கத்தித்தான் மாட்டிக்கொள்கிறது. பழைய சொல் போய்ப் புதிய சொல் வருவது ஒன்று. வசவு போய்த் தோத்திரம் வருவது வேறு.

எனக்குப் பழமொழி கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை, அம்மா. அவரும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொன்னதில்லை.

ஒரு நாள் பாட்டி கைதவறி ஹார்லிக்ஸ் பாட்டிலைப் போட்டு உடைத்துவிட்டார். கண்ணாடி பாட்டில், அந்தக் காலத்தில் காலியானதும் அதில் பருப்பு போட்டு வைப்போம். பாட்டி ஒன்றும் நடக்காதது போல் போய் ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டார். அதற்கு முந்தைய வாரம்தான் அம்மா ஒரு பீங்கான் தட்டை உடைத்து அதற்காக மூன்று நாள் வசவு வாங்கியிருந்தார். அம்மா ஒன்றும் பேசவில்லை. குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே துடைப்பத்திடம் சொன்னார்: "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்."

ஊஞ்சல் நின்றது. பாட்டியால் பதில் சொல்ல முடியவில்லை. யாருக்கென்று பதில் சொல்வது? அம்மா எதுவும் சொல்லவில்லையே, ஊரில் சொல்வதைத்தானே சொன்னார். நேரடியாகப் பேச உரிமை இல்லாதவர்களுக்கு வாய்த்த ஆயுதம் அது. அடித்தவர் யாரென்று தெரியும், ஆனால் கையில் கோல் இருக்காது. 

தொல்காப்பியர் இதைச் சரியாகப் பிடித்திருக்கிறார். முதுமொழிக்கு, அதாவது பழமொழிக்கு, இலக்கணம் சொல்லும்போது நுட்பம், சுருக்கம், தெளிவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, 'குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம்' என்கிறார். ஒரு பேச்சை முடிப்பதற்கு வருவது. நான் வாசிக்கும் விதத்தில் அதன் பொருள், பேச்சுக்கு நடுவில் வந்து எதிராளியின் வாயை அடைப்பது. குத்துவிளக்குப் படத்துக்குக் கீழே தனியாக நிற்கும் பழமொழி யாருடைய பேச்சை முடிக்கிறது?

அதனால்தான் பழமொழிகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்வதில் எனக்கு வருத்தமே இல்லை. 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்பதும் நாம்தான், 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்பதும் நாம்தான். முதலாவது கல்யாண வீட்டில் பந்தி பரிமாறும்போது வருவது. இரண்டாவது பாகப் பிரிவினைக்கு வக்கீலைப் பார்த்துவிட்டு வரும் வழியில். இரண்டு நாளும் சொன்ன வாய் ஒன்றாகவே இருக்கலாம்.

சித்தப்பா மகன் போன வருஷம் நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, கோரமங்களாவில் நண்பன் தொடங்கிய ஸ்டார்ட்அப்பில் சேரப் போவதாகச் சொன்னான். பெரியப்பா "ஆழம் தெரியாம காலை விடாதே" என்றார். சித்தப்பா "துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்றார். அம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டே நிமிராமல், "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப் போவுதுடா" என்றார். மூவரும் பழமொழியைப் பார்த்து முடிவு செய்யவில்லை. பெரியப்பா பயந்தவர். சித்தப்பாவோ மகன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். அம்மாவுக்கு மாதாமாதம் வருகிற சம்பளத்தின் மேல் தனி மரியாதை. அவரவர் முடிவை முதலில் எடுத்துவிட்டு அதற்கு ஏற்ற சட்டையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டார்கள். இதில் அம்மாவின் அரசனை அரசமரமாக்கிப் பாருங்கள். அந்தப் பையன் எந்த மரத்தைச் சுற்றுவான்?

1874ல் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் சென்னையில் 6000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை அச்சிட்டார். 1897ல் ஜென்சன் என்ற டென்மார்க் பாதிரியார் இன்னொரு தொகுப்பை வகைப்படுத்திப் போட்டார். வெளியூர்க்காரர்கள் நம் அழுக்கோடு நம்மை அப்படியே எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். நமக்குத்தான் இப்போது வெட்கம் வந்திருக்கிறது.

வெட்கப்பட வேண்டியவையும் இருக்கின்றன, மறுக்கவில்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தும் பழமொழிகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றைக்கூட இங்கே எழுதமாட்டேன், என் பிள்ளைகள் முன் சொல்லவும் மாட்டேன். பெண்களைப் பற்றியவை இன்னும் அதிகம். 'சேலை கட்டிய மாதரை நம்பாதே' என்பதற்கும் ஒரு சலவை நடந்திருக்கிறது. அது சேலை இல்லையாம், 'சேல் அகட்டிய'. சேல் மீன் போன்ற கண்ணை அகட்டிப் பார்க்கும் பெண்ணை மட்டும் நம்பக் கூடாதாம். எவ்வளவு தேய்த்தாலும் பழி பெண் தலையில்தான் விழுகிறது, அளவு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இதற்கு எதற்கு இத்தனை சோப்பு? எங்கள் தாத்தாக்கள் பெண்களை இப்படித்தான் பேசினார்கள், அது தப்பு என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாமே. முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை, சரி. முனிவர்களும் இல்லை.

அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 1991லேயே அங்கே வந்துவிட்டார். ஆனால் மொழித் தகராறில் திறக்க முடியாமல் 18 வருஷம் மூடியே வைத்திருந்தார்கள். நான் பள்ளிக்குப் போகும்போதும் அப்படித்தான் இருந்தார், எனக்குக் கல்யாணம் ஆனபோதும் அப்படித்தான் இருந்தார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அம்மா, "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சு வெச்சிருக்காங்க பாரு" என்பார். கடைசியில் 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி இங்கே வள்ளுவரைத் திறந்தார்கள். நான்கு நாள் கழித்து, 13ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். இரண்டு அடியில் சொன்னவருக்கு இங்கே இடம், மூன்று அடியில் சொன்னவருக்கு அங்கே இடம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி.

அதற்கப்புறம்தான் எனக்கும் சர்வக்ஞர் என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றியது. அஜ்ஜியிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, கடனைப் பற்றிய பாட்டை எடுத்துவிட்டார். கடன் வாங்கும்போது பால்சோறு சாப்பிட்டது போல இருக்குமாம். கடன் கொடுத்தவன் வந்து இழுக்கும்போது இடுப்பு மூட்டு முறிந்தது போல இருக்குமாம். அவ்வளவுதான் பாட்டு. சொர்க்கம், நரகம், விரதம் எதுவும் இல்லை. பால்சோறும் இடுப்பு எலும்பும்தான். வீட்டுக் கடனுக்கு 20 வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கும் என்னைப் போன்றவனுக்கு அந்த இடுப்பு எது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அது வலிக்கிறது.

இந்த அஜ்ஜியிடம்தான் என் மனைவியும் கன்னடம் கற்றுக்கொண்டாள். காய்கறி பேரம் பேசுவதற்கு என்று ஆரம்பித்தது. ஒரு நாள் அம்மா கையிலிருந்து எவர்சில்வர் தூக்கு நழுவி, சாம்பார் மொத்தமும் தரையில். அம்மா ஒன்றும் நடக்காதது போல் போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். மனைவி துணியால் துடைத்துக்கொண்டே, துணியிடம், கன்னடத்தில் சொன்னாள்: "அத்தெகொந்து கால, சொசெகொந்து கால." மாமியாருக்கு ஒரு காலம், மருமகளுக்கு ஒரு காலம்.

அம்மா அறுபது வருஷம் பெங்களூரில் இருப்பவர். கன்னடம் புரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். ராத்திரி என்னிடம் மட்டும் ரகசியமாக, "உன் பொண்டாட்டி தேறிட்டாடா" என்றார். அதில் பாதி கோபம் இருந்தது, பாதி பெருமையும் இருந்தது என்று நினைக்கிறேன்.

சரி, குழுவில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கழுதை, கத்தெ, காடித, இந்திக் குரங்கு எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, தொல்காப்பியரையும் துணைக்கு அழைத்து, மிக மரியாதையாகத்தான் எழுதியிருந்தேன். 'அத்தை, தவறாக நினைக்காதீர்கள்' என்று ஆரம்பித்து. ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை. நான் ஆபீஸுக்குக் கிளம்பி மெட்ரோவில் நிற்கும்போது அத்தையின் குரல் பதிவு வந்தது. மொத்தம் 6 விநாடி.

"ரொம்பப் படிச்ச மூஞ்சூறு கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம்டா."

இந்தக் கழுநீருக்கும் ஏதாவது உண்மைப் பொருள் இருக்குமா என்று இந்திராநகர் ஸ்டேஷன் வரும்வரை யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் குழுவில் பதினோரு சிரிப்புப் பொம்மைகள். முதலில் போட்டது என் மனைவி.