வேலை போன பிறகு எழுதிய வரலாறு

அமெரிக்கப் பத்திரிகையாளர் வில்லியம் ஷைரரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், அவர் பெர்லினிலிருந்து வானொலிக்குச் செய்தி தந்த நாட்களை அருமையாக எழுதியிருக்கிறீர்கள். 1947இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தை விட்டு வெளியேறிய பின் அவர் பட்ட பாட்டை இரண்டே வரியில் முடித்ததுதான் மனத்தாங்கல். 1950களில், கம்யூனிச ஆதரவாளர்கள் எனச் சந்தேகிக்கப்பட்டோருக்கு வேலை மறுத்த கறுப்புப் பட்டியல் காலத்தில், ஒலிபரப்பு நிறுவனங்கள் கதவைச் சாத்த, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றித்தான் குடும்பத்தை ஓட்டினார். அந்த நெருக்கடியிலும் கைப்பற்றப்பட்ட ஜெர்மன் ஆவணங்களைப் படித்துப் படித்து, ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய நாஜி ஆட்சி வரலாற்றை எழுதி 1960இல் வெளியிட்டார்.

1940 ஜூனில் பிரான்ஸின் கொம்பியேன் காட்டில், அந்நாடு ஜெர்மனியிடம் பணிந்த ரயில் பெட்டி அருகே, ஹிட்லரின் முகத்தில் வெறுப்பும் வெற்றிக்களிப்பும் ஓடியதைத் தொலைநோக்கி வழியாகப் பார்த்தவர் அவர். எந்தக் கோப்பில் கிடைக்கும் அந்த முகம்? வரலாற்றாசிரியர்கள் சிலர் குறை சொன்னாலும் அந்நூலை நான் இன்றும் எடுத்துப் படிக்கிறேன்.